ஓடுற ஊருதான் ஒட்ட வைக்குது!

(தலைப்பு: பரபரப்பான நகர வாழ்க்கை மனிதர்களைச் சேர்க்கிறதா? பிரிக்கிறதா? திருப்பூரில் நடைபெற்ற பட்டிமன்றத்தில் ‘சேர்க்கிறது’ என்ற அணியில் இரண்டாவதாகப் பேசிய அம்மையாரின் உரை.)

பெருமதிப்பிற்குரிய நடுவர் ஐயா அவர்களே! எங்கள் அணித் தலைவர் அவர்களே! என்ன சொன்னாலும் தலையை ஆட்டாமல் உட்கார்ந்திருக்கிற எதிரணி நண்பர்களே! (சிரிப்பு) ஞாயிற்றுக்கிழமை ஒருநாள்தான் லீவு, அந்த ஒருநாளையும் எங்களுக்காகக் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிற திருப்பூர்ப் பெருமக்களே!

ஐயா, எனக்கு முன்னாடி பேசின எதிரணி நண்பர் ரொம்ப வருத்தப்பட்டுப் பேசினாருங்க. “நகரத்துல பக்கத்து வீட்டுக்காரன் பேர்கூடத் தெரியாது”ன்னாரு. அவரு எந்த நகரத்தைச் சொன்னாரோ எனக்குத் தெரியலீங்க. எங்க ஊர் லைன் வீட்டுக்கு ஒருநாள் வந்து பாருங்க. எட்டு வீடு, நடுவுல ஒரு வாசல், எல்லாத்துக்கும் சேர்த்து ஒரு குழாய். பக்கத்து வீட்டுக்காரர் பேர் மட்டுமாங்க தெரியும்? இன்னைக்கு அவங்க வீட்டுக் குழம்புல உப்பு கம்மின்னு தெரியும்! அதுக்குக் காரணம் அந்தம்மா காலையில புருஷனோட போட்ட சண்டைன்னும் தெரியும்! சண்டை எதுக்குன்னு அவங்க ரெண்டு பேருக்கும் மறந்து போயிருக்கும், நமக்கு மறக்காது! (பலத்த சிரிப்பு)

நடுவர்: இது சேர்க்கிறதும்மா, ஒட்டுக் கேட்கிறதா?

ஒட்டுக் கேக்கறதுக்கும் ஒட்டு வேணுமில்லீங்களா ஐயா! (கைதட்டல்)

இந்த ஊருக்குன்னு சில குணம் இருக்குதுங்க. வெளியூர்க்காரங்க கேட்டா சிரிப்பாங்க. உலகத்துல எல்லாருக்கும் ஒரு நாள்னா ஒரு நாள்தான். திருப்பூர்ல மட்டும் ஒரு நாள்னா ஒன்றரை நாள். “என்னக்கா, இன்னைக்கு எத்தனை ஷிப்ட்?”னு கேட்டா, “ஒன்றரை”ம்பாங்க. காலையில எட்டரைக்கு உள்ளே போனா ராத்திரி எட்டரைக்கு வெளியே வர்றது. கால், அரை, முக்கால் எல்லாம் மத்த ஊர்ல பள்ளிக்கூடத்து வாய்ப்பாட்டுல வரும். எங்க ஊர்ல சம்பளக் கவர்ல வரும்!

அடுத்து, காலண்டர். உங்களுக்கெல்லாம் கிறிஸ்துமஸ் எப்ப வரும்? டிசம்பர்ல வரும். எங்க ஊருக்கு ஆடி மாசமே வந்துரும்! வெளியே ஆடிக்காத்து அடிச்சுக்கிட்டிருக்கும். கம்பெனிக்குள்ளே பார்த்தா சிவப்புக் குல்லாய் போட்ட தாத்தா, மான் வண்டி, பனிக்கட்டி எல்லாம் பிரிண்ட் ஆகிக்கிட்டிருக்கும். ஐரோப்பாவுல குளிர் வர்றதுக்கு முன்னாடி கப்பல் போய்ச் சேரணுமில்லீங்களா! வேர்த்து ஒழுக ஒழுக குளிர் சட்டை தைக்கிற ஊர் இது. (கைதட்டல்)

அப்புறம் சொந்தக்காரங்க. திருப்பூர்ல ஒருத்தர் வேலை பார்த்தா, அவரோட சொந்த ஊர்ல ஒருத்தரும் பனியன் வாங்கறதில்லை. பொங்கலுக்கு ஊருக்குப் போறவன் ஒரு மூட்டை செகண்ட்ஸ் கொண்டு போவான். ஒரு கிராமத்துக்குப் போயிருந்தேனுங்க. எண்பது வயசுப் பெரியவர். இடுப்புல கோவணம். மேல அமெரிக்காவுல ஏதோ ஒரு கால்பந்துக் குழுவோட பேர் போட்ட டி-சர்ட். முதுகுல பெருசா எண் இருபத்து மூணு! தாத்தா, இது என்ன டீம்னு கேட்டேன். “தெரியலீங்க அம்மிணி. பேரன் கொண்டாந்து குடுத்தான். ஆட்டுக்குட்டியைத் தூக்கினா மேல ஒட்டாம இருக்குது”ன்னாரு. (சிரிப்பு) அமெரிக்காக்காரன் எவ்வளவு யோசிச்சு டிசைன் பண்ணினானோ, எங்க தாத்தா அதுக்கு ஒரு பயன் கண்டுபிடிச்சுட்டாரு!

எதிரணி நண்பர் கேட்கலாம். “அம்மா, சிரிக்க வைக்கறீங்க சரி, சேர்க்குதுங்கறதுக்கு என்ன ஆதாரம்?” சொல்றேனுங்க. நீங்க போட்டிருக்கிற சட்டையே ஆதாரம். உள்ளே போட்டிருக்கிற பனியன் அதைவிட ஆதாரம்!

ஒரு டி-சர்ட் எப்படி உருவாகுதுன்னு பாருங்க. மில்லுல இருந்து நூல் வரணும். நிட்டிங் கம்பெனிக்காரர் துணியாப் பின்னணும். சாயப்பட்டறைக்குப் போகணும். அங்கிருந்து காம்பாக்டிங். அப்புறம் கட்டிங் மாஸ்டர் வெட்டணும். பிரிண்டிங்குக்கு ஒரு இடம், எம்ப்ராய்டரிக்கு ஒரு இடம். தையல்ல ஓவர்லாக் அடிக்க ஒருத்தர், பேட்லாக் அடிக்க ஒருத்தர், சிங்கர் டைலர் ஒருத்தர். அவங்க பக்கத்துல துணியை எடுத்து மடிச்சுக் கொடுக்க ஒரு கைமடி. பிசிறு வெட்ட ஒரு அக்கா, செக்கிங்குக்கு ஒரு அக்கா. அப்புறம் அயர்ன், பேக்கிங். ராத்திரி லாரி ஏறினா தூத்துக்குடித் துறைமுகம். பெரிய கம்பெனிகள்ல எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே நடக்கும். மத்தபடி ஒரு வேலை ஒரு தெருவுல, அடுத்த வேலை அடுத்த தெருவுல. ஜாப் ஒர்க்! மூட்டையைக் கட்டிக்கிட்டு டெம்போவும் டிவிஎஸ் பிஃப்டியும் பறக்குதே, அதெல்லாம் சும்மா பறக்கலீங்க. ஒரு கையில இருக்கிற வேலையை இன்னொரு கைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்குது! (கைதட்டல்)

இதுல ஒருத்தர் நின்னா எல்லாரும் நிக்கணும். இது உவமை இல்லீங்க, நடந்த கதை. 2011 ஜனவரியில உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லித் தீர்ப்பு கொடுத்தது. எழுநூறு பட்டறைக்கு மேல மூடினாங்க. மூடினது சாயப்பட்டறை. ஆனா வாடினது யாரு? டைலருக்கு வேலை இல்லை. டெம்போவுக்கு வாடகை இல்லை. டீக்கடையில வடை போடுறதைக் குறைச்சாங்க. லைன் வீடு காலியாச்சு. ஒருத்தருக்கு ஒருத்தர் எவ்வளவு சேர்ந்திருக்கோம்ங்கறது, அறுந்தப்பதாங்க தெரிஞ்சுது.

அப்பத்தான் எதிரணியில அடுத்து பேசப்போற அம்மா கையைத் தூக்குவாங்க. “நொய்யலைக் கெடுத்தீங்களே, அதுக்கு என்ன பதில்?”னு கேப்பாங்க. அவங்க கேக்கறதுக்கு முன்னாடி நானே சொல்லிடறேனுங்க. அது நியாயமான கேள்வி. வெள்ளியங்கிரி மலையில பிறந்து, கோவையைத் தாண்டி, நம்ம ஊர் நடுவுல ஓடி, கரூர்ப் பக்கம் காவிரியில சேர்ற ஆறு அது. அந்த ஆத்து மேல சாயத்தை ஊத்தினோம். ஒரத்துப்பாளையத்துல 1990-கள் தொடக்கத்துல ஒரு அணை கட்டினாங்க. உலகத்துல எந்த விவசாயியும் “அணையில தண்ணி தேக்குங்க, வாய்க்கால்ல திறந்து விடுங்க”ன்னுதான் கேப்பான். ஒரத்துப்பாளையத்து விவசாயி மட்டும், “ஐயா, தயவுசெஞ்சு தேக்காதீங்க”ன்னு கோர்ட்டுக்குப் போனான். இதைவிட ஒரு வேதனை உண்டுங்களா? (அரங்கில் அமைதி)

ஆனா ஐயா, அதுலயும் ஒரு பாடம் இருக்குது. ஆத்துல மேல இருக்கிறவன் வேற, கீழே இருக்கிறவன் வேறன்னு நாம நினைச்சோம். பிரிச்சுப் பார்த்தோம். கீழே இருந்தவன் கோர்ட்டுக்குப் போய், “நீயும் நானும் ஒரே தண்ணிடா”ன்னு நிரூபிச்சான். அதுக்கப்புறம்தான் ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடாம, சுத்திகரிச்சு, அதே தண்ணியைத் திரும்பச் சாயத்துக்கே எடுத்துக்கிற முறைக்குப் பட்டறைக்காரங்க வந்தாங்க. செலவு ஜாஸ்தி. எல்லாமே சரியாயிடுச்சுன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா நம்மளைத் திருத்தினது எது? பிரிஞ்சு நின்னதா? இல்லீங்க. சேர்ந்துதான் வாழ்ந்தாகணும்ங்கற கட்டாயம்!

(கைதட்டல்)

நடுவர்: எதிரணிப் பாயின்டையும் நீயே சொல்லி, அதுக்குப் பதிலும் நீயே சொல்லிட்டா அவங்க எதுக்கும்மா வந்தாங்க?

டீ குடிக்க வந்தாங்கய்யா! திருப்பூருக்கு வந்துட்டு டீ குடிக்காமப் போக முடியுமா? (சிரிப்பு)

டீன்னு சொன்னதும் ஞாபகம் வருதுங்க. எங்க ஊர் கம்பெனியில டீ டைம்னு ஒண்ணு உண்டு. அந்தப் பத்து நிமிஷத்துக்கு முதலாளி, தொழிலாளி, கட்டிங் மாஸ்டர், கைமடி எல்லாரும் ஒரே பாய்லர் டீதான். தலை பூரா பஞ்சு ஒட்டியிருக்கும். இருபது வயசுப் பையனுக்கும் நரைச்ச மாதிரி இருக்கும். எங்க ஊர்ல வயசைத் தலையைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாதுங்க!

அந்த டீக்கடையில நடந்தது. பீகார்ல இருந்து ஒரு பையன் புதுசா வந்திருக்கான். வயசு பத்தொன்பது, இருபது இருக்கும். பக்கத்துல அறுபது வயசு கட்டிங் மாஸ்டர் உட்கார்ந்திருக்கிறாரு. பையன் ரொம்ப மரியாதையா, “பையா, டீ?”ன்னு கேட்டான். மாஸ்டருக்குக் கோபம் வந்துருச்சு. “யார்றா பையன்? உங்கப்பன் வயசு எனக்கு! என்னைப் பையாங்கறே?” கிளாசை டொக்குன்னு வெச்சுட்டாரு. பையன் பயந்து போய் இன்னும் மரியாதையா, “பையா... பையா...”ங்கறான். அவரு இன்னும் எகிறுறாரு! (பலத்த சிரிப்பு) டீக்கடைக்காரர் நடுவுல வந்தாரு. “ஏனுங் மாஸ்டர், அவங்க ஊர்ல பையான்னா அண்ணன்னு அர்த்தமுங்க”ன்னாரு. மாஸ்டர் அப்படியே அடங்கிட்டாரு. “அண்ணனா? அப்படின்னா சரி. அண்ணன்னு கூப்பிட்டுட்டான். டீக்குக் காசு நான்தான் குடுக்கணும்”ன்னாரு. (கைதட்டல்)

ஒரே வார்த்தைங்க. ஒரு ஊர்ல அண்ணன், இன்னொரு ஊர்ல பொடியன். அர்த்தம் தெரியாதவரைக்கும் சண்டை. தெரிஞ்சுட்டா உறவு. இன்னைக்கு அந்தப் பையன் மாதிரி எத்தனையோ பேர் “ஏனுங்ணா, செரிங்ணா, போலாமுங்ணா”ன்னு நம்மளைவிட நல்லாக் கொங்குத் தமிழ் பேசறாங்க. கொங்குத் தமிழைப் பத்தி ஒண்ணு சொல்லணும். எங்க ஊர்ல திட்டினாக்கூட மரியாதை குறையாது. வண்டியில இடிச்சுட்டா, மத்த ஊர்ல என்ன கேப்பாங்கன்னு உங்களுக்கே தெரியும். எங்க ஊர்ல, “ஏனுங்க, கண்ணு தெரியறதில்லீங்களா? வீட்டுல சொல்லிட்டு வந்துட்டீங்களா?”ம்பாங்க! சாவுக்குக்கூட ‘ங்க’ போட்டுத்தான் அனுப்புவோம்! (பலத்த சிரிப்பு, கைதட்டல்)

பெருமக்களே, இனி நான் சொல்லப் போறது சிரிக்கிற விஷயம் இல்லை.

2023 மார்ச் மாசம் உங்களுக்கெல்லாம் ஞாபகம் இருக்கும். தமிழ்நாட்டுல வடமாநிலத்துத் தொழிலாளிகளை அடிக்கிறாங்கன்னு செல்போன்ல வீடியோ பறந்துச்சு. எங்கேயோ, எப்பவோ, யாரோ யாரையோ அடிச்ச வீடியோ. நம்ம ஊர்ப் பேரைப் போட்டு அனுப்பிட்டாங்க. அது ஹோலி சமயம். எப்படியும் ஊருக்குப் போறவங்க ஒரு பக்கம், பயந்து போறவங்க ஒரு பக்கம். ரயில்வே ஸ்டேஷன்ல கூட்டம். ஊர்ல இருக்கிற அம்மாக்காரி போன் பண்ணி, “மகனே, வந்துரு”ன்னு அழுவுறா. அங்க இருந்து அழற தாய்க்கு, இது பொய்ன்னு எப்படிங்க தெரியும்?

அரசாங்கம் மறுத்துச்சு. போலீஸ் உதவி எண் கொடுத்தாங்க. பொய் பரப்பினவங்க மேல வழக்குப் போட்டாங்க. பீகார் அரசாங்கத்துல இருந்து அதிகாரிங்க குழு ஒண்ணு நம்ம ஊருக்கே நேர்ல வந்து தொழிலாளிகளைப் பார்த்துப் பேசிட்டுப் போச்சு. இதெல்லாம் பேப்பர்ல வந்தது. பேப்பர்ல வராதது ஒண்ணு உண்டு. அதுதான் எங்க லைன் வீட்டுல நடந்தது.

எங்க லைன்ல கடைசி வீட்டுல ஒடிசாவுல இருந்து வந்த புருஷன் பொண்டாட்டி இருந்தாங்க. அவளுக்கு அப்ப ஏழு மாசம். ரெண்டு நாளாக் கதவைத் திறக்கலை. மூணாவது வீட்டுல தேனிப் பக்கத்துல இருந்து வந்த அக்கா ஒருத்தங்க, செக்கிங் வேலை பார்க்கிறவங்க. ஒன்றரை ஷிப்ட் முடிச்சு வந்து, குளிக்காமக்கூட, நேராப் போய் அந்தக் கதவைத் தட்டினாங்க. பாஷை தெரியாது. கையில ஒரு கிண்ணத்துல ரசஞ்சோறு. அந்தப் பொண்ணு சன்னல் வழியாப் பார்த்துட்டுத் திறந்தா. இந்தக்கா சாப்பாட்டை நீட்டிட்டு, தன் நெஞ்சைத் தொட்டு, “நான் இருக்கேன்”னாங்க. தமிழ்லதான் சொன்னாங்க. அந்தப் பொண்ணுக்குப் புரிஞ்சுது. அவங்க ஊருக்குப் போகலை. புள்ளை இங்கேதான் பிறந்துச்சு. (பலத்த கைதட்டல்)

அந்தக்கா ஏன் போனாங்கன்னு நான் கேட்டேனுங்க. “நான் இந்த ஊருக்கு வந்தப்ப, எனக்கும் பேச்சைக் கேட்டுட்டு ‘தெக்கத்தி ஆளா, வீடு இல்லை’ன்னு மூணு இடத்துல சொன்னாங்க. நாலாவது இடத்துல ஒரு அம்மா உள்ளே கூப்பிட்டு மோர் குடுத்தாங்க. அந்த மோரைத்தான் திருப்பிக் கொடுத்தேன்”னாங்க.

ஐயா, இதுதான் என் வாதம். கிராமத்துல ஒருத்தருக்கு ஒருத்தர் உதவறாங்க, ஒத்துக்கறேன். அங்கே அவன் மாமன், இவன் மச்சான். பிறந்ததுமே உறவு தயாரா இருக்கு. நகரத்துல உறவு தயாரா இருக்கறதில்லை, ஒவ்வொண்ணாத் தைக்கணும். ஓவர்லாக் அடிச்ச தையல் மாதிரி! வெட்டின துணி ஓரம் பிரிஞ்சு போகாம இருக்கத்தான் ஓவர்லாக் அடிக்கிறோம். வெட்டப்பட்டு வந்தவங்கதாங்க நாம எல்லாரும். மழை இல்லாத மண்ணுல இருந்து, தறி ஓடாத வீட்டுல இருந்து, கடன்ல இருந்து வெட்டப்பட்டு வந்தவங்க. நம்ம ஓரம் பிரிஞ்சு போகாமப் பிடிச்சு வெச்சிருக்கிறது இந்த ஊரோட ஓட்டம்! (கைதட்டல்)

1984-ல பஞ்சப்படி கேட்டு இதே ஊர்ல 127 நாள் வேலைநிறுத்தம் நடந்துச்சு. நூத்தி இருபத்தேழு நாள் சம்பளம் இல்லாம ஒரு மனுஷன் தனியா நிக்க முடியுங்களா? பக்கத்து வீட்டு அடுப்பு எரிஞ்சாத்தான் முடியும். 2025 ஆகஸ்ட்டுல அமெரிக்காக்காரன் நம்ம சரக்கு மேல 50 சதவீதம் வரி போட்டான். கையெழுத்துப் போட்டது எங்கேயோ. கவலைப்பட்டது வேலம்பாளையத்துல கைமடி வேலை பார்க்கிற பொண்ணு, பாட்னாவுல மணியார்டர் எதிர்பார்க்கிற கிழவி, தேனியில காலேஜ் பீஸ் கட்ட வேண்டிய பையன். ஒரே நூல்ல இத்தனை பேரைக் கோத்து வெச்சிருக்கிற ஊரை, பிரிக்கிற ஊர்னு எப்படிங்க சொல்றது?

அதுக்காகக் குறையே இல்லைன்னு சொல்லலை. அப்பன் வேலைக்குப் போறப்பவும் புள்ளை தூங்குது, வர்றப்பவும் தூங்குது. ஞாயித்துக்கிழமை பார்த்துட்டு, “அம்மா, யாரும்மா இது, வாராவாரம் கறி வாங்கிட்டு வர்றாரு?”ன்னு கேட்குதாம்! (சிரிப்பு) சிரிக்கிறீங்க. ஆனா சிரிச்சுட்டு வீட்டுக்குப் போய் யோசிங்க. கம்பெனி நடத்துறவங்க இங்கே நிறையப் பேர் உட்கார்ந்திருக்கீங்க. உங்களுக்கு ஒரு விண்ணப்பம். புள்ளைங்களைப் பார்த்துக்க ஒரு காப்பகம், வாரத்துல ரெண்டு நாளாவது ஒரு ஷிப்டோட வீட்டுக்கு அனுப்பறது, இதைச் செஞ்சு கொடுங்க. வீட்டுக்காரங்களுக்கும் ஒரு விண்ணப்பம். வாடகை கொடுக்கிறானான்னு பாருங்க, வாசலைக் கூட்டறாளான்னு பாருங்க. எந்த ஊர்னு கேட்டுட்டுக் கதவைச் சாத்தாதீங்க.

கடைசியா ஒண்ணே ஒண்ணு சொல்லி முடிச்சுக்கறேன். நடுவர் ஐயா மணியைத் தொட்டுட்டாரு.

நம்ம ஊருக்குன்னு ஒரே ஒரு பேர்தாங்க, குமரன். 1932 ஜனவரியில ஊர்வலம் போனப்ப தடியடி பட்டு, கீழே விழுந்தப்பவும் கொடியை விடாமப் பிடிச்சிருந்து உயிர் விட்டவர். அப்ப அவருக்கு வயசு இருபத்தேழு. நாம எல்லாரும் ‘திருப்பூர் குமரன்’னுதான் சொல்றோம். ஆனா அவர் பிறந்தது திருப்பூர் இல்லீங்க. சென்னிமலை. நெசவுக் குடும்பம். நெசவுல வயிறு நிறையலை, இங்கே பஞ்சு மில்லுக்கு வேலைக்கு வந்தவரு. நம்ம மாதிரி, அந்த தேனி அக்கா மாதிரி, அந்த பீகார்ப் பையன் மாதிரி, பொழைக்க வந்தவரு!

பொழைக்க வந்த ஒருத்தரோட பேரையே இந்த ஊரு தன் பேரோட சேர்த்து வெச்சுக்கிச்சு. ரயில்வே ஸ்டேஷன்ல இறங்கி வெளியே வந்தா, பக்கத்துலயே அவரோட நினைவு மண்டபம். பைத் தூக்கிக்கிட்டுப் புதுசா வந்து இறங்கற ஒவ்வொருத்தரையும் வரவேற்கிறது, அவங்களுக்கு முன்னாடி வந்து இறங்கினவரு.

ஆகவே, பரபரப்பான நகர வாழ்க்கை மனிதர்களைச் சேர்க்கிறது, சேர்க்கிறது, சேர்த்துக்கொண்டே இருக்கிறது என்று கூறி, அதற்கேற்ற நல்ல தீர்ப்பை நடுவர் அவர்கள் வழங்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். (பலத்த கைதட்டல்)

நடுவர்: எதிரணியை டீ குடிக்க அனுப்பிட்டு, தீர்ப்பையும் கிட்டத்தட்ட எழுதிக் கொடுத்துட்டுப் போறாங்க. ஆனா ஒண்ணு கவனிச்சீங்களா? அந்தக்கா பாஷை தெரியாம கதவைத் தட்டினாங்கல்ல, அந்தச் சத்தம் இன்னும் நம்ம காதுல கேட்குது. இதுக்குப் பதில் சொல்லணும்னா எதிரணி கொஞ்சம் மூச்சு வாங்கித்தான் வரணும். வாங்கம்மா, வந்து பிரிச்சுக் காட்டுங்க! (சிரிப்பு)